கால் மடங்கிய நாயும் மலையிறங்கும் வழியும்

மருத்துவமனை மடலில் நாயைப் பற்றிய கட்டுரையா என்று வாசகர் சிலர் வியக்கலாம். போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலே ஏலமலைச் சரிவுகளிலும் வாழும் குடும்பங்களை அறிந்தோர் வியக்கமாட்டார்கள். தோட்டத்து வீட்டில் நாய் பொழுதுபோக்குக்காக வளர்க்கப்படும் உயிரன்று. இரவில் காட்டுப்பன்றி வருவதை முதலில் அறிவிப்பது அது. ஏலக்காய் ஸ்டோரின் வாசலில் படுத்துக் காவல் காப்பதும் அது. வீட்டில் ஒருவர் நோயுற்றுப் படுத்துவிட்டால், அவர் கட்டிலடியை விட்டு நகராமல் கிடப்பதும் அதுவே.

அந்த நாய் ஒருநாள் காலையில் எழ முயன்று, பின்னங்கால்கள் மடங்கித் தரையில் சாய்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் பதறுகின்றனர். ஒருவர் நோயாளிக்காக வாங்கி வைத்த வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சோற்றில் வைக்கிறார். மற்றொருவர் எண்ணெய் காய்ச்சி முதுகை நீவி விடுகிறார். மூன்றாமவர், "இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம், தானாகச் சரியாகிவிடும்" என்கிறார். மூன்றும் அன்பினால் செய்யப்படுபவை. மூன்றுமே அந்த நாயின் கால்களை என்றென்றைக்குமாகப் பறித்துவிடக் கூடியவை. அவற்றுள் முதலாவது அதன் உயிரையே பறிக்கலாம்.

மலையிலிருந்து சிறப்பு மருத்துவமனை உள்ள ஊருக்கு இருக்கும் தொலைவை நம்மால் குறைக்க இயலாது. ஆயினும் முதல் சில மணி நேரத்தை வீணாக்காமலிருக்க இயலும். அதற்கு உதவும் செய்திகளை இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

தண்டுவடத்தில் நிகழ்வது என்ன?

நாயின் முதுகெலும்பு, மனிதருடையதைப் போலவே, வரிசையாக அடுக்கிய முள்ளெலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்புக்கு மேல் 7, இடுப்பில் ஒன்றாக இணைந்த 3 என அவை அமைந்துள்ளன. அவற்றின் நடுவே ஓடும் குழாயில் தண்டுவடம் செல்கிறது. எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் அதிர்ச்சியைத் தாங்கும் வட்டு ஒன்று உண்டு. அதன் புறம் உறுதியான நார் வளையம்; அகம் கூழ் போன்ற மென்பொருள்.

டாஷண்ட் போன்ற நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட இனங்களில், இந்த மென்பொருள் இளவயதிலேயே ஈரம் இழந்து சுண்ணாம்பேறிக் கெட்டியாகிவிடுகிறது. பின்னர் ஒருநாள் திண்ணையிலிருந்து குதிக்கும்போதோ, படியேறும்போதோ, காரணமே இன்றியோ அது வளையத்தைக் கிழித்துக்கொண்டு பீறிட்டுத் தண்டுவடத்தை மோதுகிறது. பெரும்பாலும் மார்பும் இடுப்பும் சேரும் இடத்தில் இது நிகழ்வதால் பின்னங்கால்கள் பாதிக்கப்படுகின்றன. பெரிய இன நாய்களுக்கு முதுமையில் வட்டு மெல்லப் புடைத்துத் தண்டுவடத்தை அழுத்தும். அவற்றின் தளர்ச்சி மாதக்கணக்கில் வளரும். இவ்விரு வகைகளையும் 1952-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஹான்சென் வேறுபடுத்திக் காட்டினார். மருத்துவர்கள் இன்றும் முதல் வகை, இரண்டாம் வகை என்று அவர் பெயராலேயே குறிப்பிடுகின்றனர்.

டாஷண்ட் நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகிறது. எனினும் நம் பகுதியில் காணப்படும் நாட்டு நாய்க்கும், ராஜபாளையம், சிப்பிப்பாறை இனங்களுக்கும் தண்டுவடம் பழுதுபட வேறு வழிகள் உண்டு. ஜீப்பில் அடிபடுதல், பாறையிலிருந்து விழுதல், காட்டுப்பன்றியால் தூக்கி எறியப்படுதல் ஆகியவை அவற்றுள் சில.

முதலில் ஐயுற வேண்டியவை

கால் மடங்கிய நாயெல்லாம் முதுகெலும்பு நோயுற்ற நாயன்று. மருத்துவமனை என்ற முறையில் எங்கள் வாசகருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெறிநாய்க்கடி நோய் எப்போதும் சீறிப் பாய்ந்து கடிக்கும் வடிவில் வருவதில்லை. அதன் அமைதியான வடிவில் நாய் சோர்ந்து ஒடுங்கும், கால்கள் தளரும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், குரல் மாறும், விழுங்க இயலாது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கைவிடுவோர் உண்டு. அவ்வாறு ஒருபோதும் செய்யாதீர்கள். தடுப்பூசி போடப்படாத நாய், அல்லது அண்மையில் வேறு நாயாலோ காட்டு விலங்காலோ கடிபட்ட நாய், இக்குறிகளுடன் கால் தளர்ந்தால் அதைத் தனியே அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். அதன் எச்சில் உங்கள் கைப்புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தால், அல்லது அது கடித்தோ பிறாண்டியோ இருந்தால், அந்த இடத்தை ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். தோலாயின் சோப்பிட்டுக் கழுவுங்கள். அன்றே மருத்துவமனைக்கு வந்து தடுப்பூசி தொடங்குங்கள். இந்நோய் மனிதருக்கு வெளிப்பட்டபின் காப்பாற்றுதல் அரிது. வெளிப்படும் முன் தடுப்பது எளிது.

இரண்டாவது, பூச்சிமருந்து. ஏலத்தோட்டங்களில் மருந்தடிக்கும் நாட்களில், தெளிப்பானருகே திரிந்த நாயோ, மருந்து கலந்த வாளியை நக்கிய நாயோ தள்ளாடி விழலாம். மிகுதியாக எச்சில் வடிதல், கண்மணி சுருங்குதல், தசை துடித்தல், வாந்தி, கழிச்சல் ஆகியவை அதன் அடையாளங்கள். மருந்தின் டப்பாவையோ அதன் படத்தையோ உடன் கொண்டு செல்லுங்கள்.

மூன்றாவது, பாம்புக்கடி. அடிவாரத்தில் கட்டுவிரியனோ நாகமோ தீண்டிய நாய்க்கும் கால்கள் தளரும். பின்னர் மூச்சும் தளரும். இவ்விரண்டிலும் தொலைவிலுள்ள சிறப்பு மருத்துவரைத் தேடக்கூடாது. அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் உடனே செல்வதே உயிரைக் காக்கும்.

வீட்டில் முதல் ஒரு மணி நேரம்

முதுகெலும்பே காரணம் எனத் தோன்றினால், முதற்கடமை அசையாமல் வைத்தல். நாயை எழுப்பி நடக்க வைத்துச் சோதிக்காதீர்கள். அது தன் முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டு வருவதைப் பார்க்க மனம் பொறுக்காதுதான். அந்த ஒவ்வோர் இழுப்பும் வட்டிலிருந்து இன்னும் சிறிது பொருளை வெளியே தள்ளக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வலியில் துடிக்கும் நாய் தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். ஆகவே தூக்கும் முன் நீண்ட துணிப்பட்டையொன்றை மூக்கின் மேல் சுற்றி, தாடைக்குக் கீழ் கொணர்ந்து, காதுகளுக்குப் பின்னால் முடிச்சிடுங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் வாயைக் கட்டலாகாது. பின்னர் இருவர் சேர்ந்து, ஒருவர் தோளையும் மார்பையும், மற்றவர் இடுப்பையும் தாங்கி, முதுகு வளையாமல் ஒரு பலகையின் மேல் நகர்த்துங்கள். கனத்த அட்டையோ, ஏலக்காய்ச் சாக்கை விரித்த சாளரக் கதவோ போதும். தோளின் மேலும் இடுப்பின் மேலும் துணியால் மெல்லக் கட்டுங்கள். வயிற்றின் மேல் கட்டாதீர்கள்.

மாத்திரையைப் பற்றி மீண்டும் சொல்கிறோம். எங்கள் மருந்தகத்தில் நீங்கள் பெற்ற எந்த வலிநிவாரணியையும் நாய்க்குத் தராதீர்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும். சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பாரசிட்டமாலும் அளவு மிஞ்சினால் கல்லீரலைக் கெடுக்கும். இன்னொரு தீங்கும் உண்டு. வீட்டில் இத்தகைய மாத்திரை கொடுத்தபின் மருத்துவர் அறியாமல் ஸ்டீராய்டு ஊசி போட நேர்ந்தால், குடலில் துளை விழும் அளவுக்கு இரண்டும் சேர்ந்து கேடு செய்யும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மறைப்பதே பிழை.

நீவுதலும் வேண்டா. தசைப்பிடிப்பு என்று எண்ணி அழுத்தும் விரல், உடைந்த எலும்பின் மேலோ பிதுங்கிய வட்டின் மேலோ படலாம்.

எவ்வளவு விரைவு வேண்டும்?

எல்லா நாயையும் நள்ளிரவில் மலையிறக்க வேண்டியதில்லை. நோயின் நிலையை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் முடிவெடுப்பது எளிதாகும்.

முதல் நிலையில் நாய் நடக்கிறது. ஆனால் வலி இருக்கிறது. தூக்கினால் அலறும், முதுகைக் கூனி நிற்கும், படியேற மறுக்கும், கழுத்தைத் திருப்பாது. சில வேளைகளில் பாதத்தை மடக்கி, மேற்புறம் தரையில் தேய நடக்கும். இந்நாயை அடுத்த நாள் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டலாம். பெரும்பாலும் மருந்தும் ஓய்வுமே போதுமானவை.

இரண்டாம் நிலையில் நாயால் எழுந்து நடக்க இயலவில்லை. ஆனால் பின்னங்கால்களில் உணர்வு எஞ்சியிருக்கிறது. இது அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. அறுவை சிகிச்சை குறித்துப் பேச வேண்டிய நிலையும் இதுவே.

மூன்றாம் நிலையில் கால்கள் அசைவதுமில்லை, வலியை உணர்வதுமில்லை. இங்கே மணிக்கணக்கு முக்கியம். இரவாயினும் புறப்பட வேண்டும்.

உணர்வு இருக்கிறதா என்று வீட்டில் கிள்ளிப் பார்ப்போர் ஒரு செய்தியை அறிய வேண்டும். விரலை அழுத்தியவுடன் நாய் காலை இழுத்துக்கொண்டால் உணர்வு இருக்கிறது என்று பொருளன்று. தண்டுவடம் மூளையிலிருந்து துண்டிக்கப்பட்ட நிலையிலும் அந்த இழுப்பு நிகழும். நாய் திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா என்பதே அடையாளம். இந்தச் சோதனையை மருத்துவரிடம் விட்டுவிடுவதே நன்று.

இந்நிலைகளைப் பிரித்தறிவதன் பயன் எண்களில் தெரிகிறது. வட்டு பிதுங்கிய சிறு இன நாய்களில், நடக்க இயலாவிடினும் ஆழ்ந்த வலியுணர்வு எஞ்சியிருப்பவை அறுவை சிகிச்சைக்குப் பின் பத்தில் ஒன்பதுக்கு மேல் மீண்டும் நடக்கின்றன. அவ்வுணர்வும் அற்றுப்போனவற்றில் அறுவைக்குப் பின் நடப்பவை ஏறத்தாழப் பத்தில் ஆறு. அறுவையின்றி நடப்பவை பத்தில் இரண்டளவே. இரண்டாம் நிலையிலேயே மலையிறங்கிவிட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

எங்கே செல்வது?

முதற்படி எப்போதும் அருகிலுள்ள கால்நடை மருத்துவரே. நிலையை மதிப்பிட்டு, நாய்க்கு உரிய வலிமருந்து தந்து, எந்த ஊருக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பவர் அவர். கால்நடை மருத்துவ உதவிக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1962.

அடுத்த படி, தேனி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் 2020-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி வீரபாண்டிப் பகுதியில் இயங்குகிறது. போடியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடையத்தக்க இடம் அது. மதுரையில் தனியார் மருத்துவர்களும் உள்ளனர். தண்டுவட அறுவை, எம்.ஆர்.ஐ. போன்றவை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நாடுவோர் பலர். போடிமெட்டுக்கு அப்பால், பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்போர்க்கு மேற்கே இறங்குவதே எளிதாக இருக்கலாம். திருச்சூர் அருகே மண்ணுத்தியில் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

எங்கு செல்வதாயினும் புறப்படும் முன் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்று தண்டுவட அறுவை செய்யும் மருத்துவர் இருக்கிறாரா? சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கும் வசதி அங்கேயே உண்டா, வேறிடம் செல்ல வேண்டுமா? தோராயமாக எவ்வளவு செலவாகும்? இக்கேள்விகளைக் கேட்காமல் இரவு முழுதும் பயணம் செய்து, விடுமுறை நாளில் பூட்டிய கதவின் முன் நிற்கும் துன்பத்தைத் தவிர்க்கலாம். மலையில் எல்லா இடத்திலும் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது. ஆகவே எண்களைத் தாளில் எழுதிக் கதவின் பின்புறம் ஒட்டி வைப்பது நல்லது.

தொலைவைப் பற்றிய மனக்குறை நம் பகுதிக்கு மட்டும் உரியதன்று. தொழிலதிபர் ரத்தன் டாட்டா தம் நாயொன்றுக்கு மூட்டு மாற்று அறுவை செய்விக்க அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகம் வரை கொண்டு சென்றார். காலம் கடந்துவிட்டதால் மூட்டை மாற்ற இயலாமல், ஒரே நிலையில் அசையாதபடி பொருத்திவிட்டனர் என்று அவரே பின்னாளில் தெரிவித்தார். அந்த அனுபவமும் சேர்ந்தே மும்பை மகாலட்சுமிப் பகுதியில் சிறு விலங்குகளுக்கான மருத்துவமனையாக உருவெடுத்தது; அவர் மறைந்த 2024-ஆம் ஆண்டிலேயே அது திறக்கப்பட்டது. உலகின் எந்த மூலைக்கும் செல்லும் வசதி படைத்தவருக்கும் காலம் கடந்துவிடக்கூடும். வசதி குறைந்த நமக்கு உரிய நேரத்தில் புறப்படுவதே பெரிய வசதி.

வளைவுகளில் பயணம்

போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பலகை சரியும். ஆகவே ஜீப்பின் தரையில், சக்கரங்களுக்கு நடுவே, பலகையை வண்டியின் நீளவாட்டில் வையுங்கள். இருபுறமும் சாக்கையோ தலையணையையோ அடைத்து, ஒருவர் அருகில் அமர்ந்து தோளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்யாதீர்கள். மடி வளையும், முதுகும் வளையும். ஓட்டுநரிடம் மெல்லச் செல்லுமாறு முன்கூட்டியே சொல்லுங்கள். அரை மணி நேரம் தாமதமானாலும் குலுங்காமல் இறங்குவதே மேல்.

மயக்க மருந்து தேவைப்படக்கூடுமாதலால் உணவு கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கால் மடங்கியது எப்போது, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது, வயது, எடை, தடுப்பூசி போட்ட நாள், கொடுத்த மருந்துகள். விழுவதற்கு முன் நாய் நடந்ததைக் காட்டும் காணொளி கைப்பேசியில் இருந்தால் அது மருத்துவருக்கு நூறு சொற்களுக்குச் சமம்.

சென்னை செல்ல இரயிலை எண்ணுவோர் உண்டு. அகலப்பாதை பணிகள் முடிந்து, 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் போடிநாயக்கனூரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வாரத்தில் சில நாட்கள் இரவு வண்டி செல்கிறது. ஆனால் இரயில்வே விதிப்படி நாயை உடன் வைத்துக்கொள்ள முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல் கார்டு பெட்டியிலுள்ள கூண்டில் அடைத்தே அனுப்புவர். முதுகு பழுதுற்ற நாயை அருகில் ஆளின்றி அக்கூண்டில் அனுப்புவது தகாது. அறை கிடைக்காவிட்டால் கார் பயணமே ஏற்றது.

சிறப்பு மருத்துவர் என்ன செய்வார்?

முதலில் கைகளாலேயே சோதிப்பார். பாதத்தை மடக்கி வைத்தால் நாய் தானே நிமிர்த்துகிறதா, முதுகின் எந்த இடத்தில் தொட்டால் தோல் துடிக்கிறது, எங்கே துடிக்கவில்லை என்று பார்த்தே பழுதுற்ற இடத்தைப் பெருமளவு கணித்துவிடுவார். எக்ஸ்ரே எலும்பு முறிவைக் காட்டும், தண்டுவடத்தைக் காட்டாது. "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்களே, பின் ஏன் இன்னொரு படம்?" என்று கேட்போருக்கு விடை இதுதான். பிதுங்கிய வட்டை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. காட்டும், தண்டுவடத்தின் உள்வீக்கத்தையும் காட்டுவது எம்.ஆர்.ஐ. அசையாமல் படுக்க வேண்டியிருப்பதால் நாய்க்குப் படமெடுக்கவும் மயக்க மருந்து தேவைப்படும். செலவு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அறுவையில் முள்ளெலும்பின் பக்கவாட்டில் சிறு சாளரம் போலத் திறந்து, தண்டுவடத்தை அழுத்தும் பொருளை அகற்றுவர். அழுத்தம் நீங்கும், நசுங்கிய நரம்பு மீள்வது அதன்பின் இயற்கையின் பொறுப்பு. அதற்குச் சில நாட்களும் ஆகலாம், பல வாரங்களும் ஆகலாம்.

அறுவைக்கு வழியில்லாதோர் மனம் தளர வேண்டா. உணர்வு எஞ்சியிருக்கும் நாய்களில் பாதிக்கு மேற்பட்டவை கண்டிப்பான ஓய்விலேயே மீள்கின்றன. மீட்சி மெதுவாக இருக்கும். நோய் திரும்பும் வாய்ப்பும் மிகுதி. ஆயினும் அது மெய்யான வழியே. அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ வல்லுநர் கழகம் 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட கருத்தறிக்கை, குறைந்தது நான்கு வாரம் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும்படி கூறுகிறது. ஸ்டீராய்டை வழக்கமான மருந்தாகக் கொள்வதை அது பரிந்துரைக்கவில்லை.

வீட்டிலே தொடரும் மருத்துவம்

நான்கு வார ஓய்வு என்றால் சங்கிலியில் கட்டி வைப்பதன்று. நாய் எழுந்து திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டோ, பலகையால் தடுத்த மூலையோ வேண்டும். இரண்டாம் வாரத்தில் வலி குறைந்து நாய் துள்ள முனையும். "குணமாகிவிட்டது" என்று அவிழ்த்துவிடுவதும் அப்போதுதான். மீண்டும் விழுவதும் அப்போதுதான் நிகழ்கிறது.

சிறுநீர்ப்பையை மறவாதீர்கள். கால் செயலிழந்த நாய்க்குச் சிறுநீர் கழிக்கும் ஆற்றலும் போயிருக்கலாம். படுக்கை நனைந்திருப்பதைக் கண்டு "தானாகப் போகிறது" என்று எண்ணிவிடுவோம். பை நிரம்பி வழிவதே அது. வயிற்றை மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையை மருத்துவரிடம் நேரில் கற்று, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை செய்ய வேண்டும்.

எஞ்சியவற்றை எங்கள் வாசகருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. பக்கவாதத்தால் படுத்த தந்தையையோ, முதுகெலும்பு முறிந்த தம்பியையோ கவனித்தவர்க்கு அவை தெரிந்தவையே. சில மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தல், ஈரமில்லா மெத்தை, எலும்பு துருத்தும் இடங்களில் புண் வராமல் பார்த்தல், மருத்துவர் சொன்னபின் கால்களை மெல்ல மடக்கி நீட்டல், வயிற்றின் கீழ் துண்டு கொடுத்துத் தாங்கி நடை பழக்குதல் ஆகிய அனைத்தும் இங்கும் பொருந்தும். மலைக் குளிரில் கதகதப்பும் வேண்டும். ஆனால் உணர்வற்ற காலருகே நெருப்புச் சட்டியோ வெந்நீர்ப் பையோ வைக்காதீர்கள்; சுட்டாலும் அது அறியாது.

முடிவெடுக்கும் வேளை

பணத்தைப் பற்றிப் பேசக் கூச வேண்டா. ஏலக்காய் விலை ஏறியிறங்கும் ஊர் நம்முடையது. பறிப்புக் காலத்தில் கையில் இருக்கும் பணம் கோடையில் இராது. வீட்டில் மனித நோயாளி ஒருவர் இருக்கும்போது நாய்க்குச் செலவிடுவதா என்ற கேள்வி எழுவது இயல்பு. அதைக் கேட்பவர் கல்நெஞ்சர் ஆகார். மருத்துவரிடம் உங்கள் வரம்பைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். அந்த வரம்புக்குள் எது சிறந்ததோ அதை அவர் சொல்வார்.

உணர்வு திரும்பாத நாயும் இரு சக்கர வண்டியில் பின்னுடலைத் தாங்கி ஓடி வாழ்வதுண்டு. வலியின்றி, உண்டு, வாலாட்ட முயலும் நாய்க்கு அது நல்வாழ்வே. ஆனால் அன்றாடம் சிறுநீர் வெளியேற்றவும் தூய்மை செய்யவும் வீட்டில் ஆள் இருத்தல் வேண்டும். மற்றொரு புறம், உணர்வு முற்றும் இழந்த நாய்களில் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்டவற்றுக்குத் தண்டுவடம் கரைந்து, பாதிப்பு மேல்நோக்கிப் பரவி மூச்சையும் நிறுத்திவிடுகிறது. அதற்கு மருந்தில்லை. அத்தகைய வேளையில் வலியின்றி உறங்க வைக்கும்படி மருத்துவர் கூறினால், அது உங்கள் தோல்வியன்று. உடன் இருந்து, தலையைத் தடவிக்கொண்டு விடைகொடுங்கள்.

வீட்டில் நோயுற்றுப் படுத்திருப்பவரிடம் நாயின் நிலையை மறைப்பதா என்று தயங்குவோர் உண்டு. நாங்கள் காண்பது வரை, அறியாமல் கவலுறுவதைவிட அறிந்து வருந்துவதே நோயாளிக்கு இலகு. அவரையும் கேளுங்கள், அந்த நாயை அதிகம் அறிந்தவர் அவராக இருக்கலாம்.

இன்றே செய்யத்தக்கவை மூன்று உண்டு. நாயின் வெறிநோய்த் தடுப்பூசி அட்டையை எடுத்து நாளைப் பாருங்கள். அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் எண்ணையும் 1962-ஐயும் கதவின் பின்னால் எழுதி ஒட்டுங்கள். ஸ்டோரில் கிடக்கும் பலகைகளுள் உங்கள் நாயின் நீளத்துக்கு ஏற்ற ஒன்றை எடுத்துத் தனியே சாய்த்து வையுங்கள். அது என்றும் தேவைப்படாமற் போகட்டும் என்பதே எங்கள் விருப்பம்.